ரங்கூன் கோயிலில் எனக்குக் காட்டிய கை

பேய், பிசாசு, சாமி வந்து ஆடுவது எதையும் நான் நம்பியவன் இல்லை. ராயபுரத்துக்காரன், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டினவன், தலைக்கு மேல் மூட்டை மூட்டையாகச் சுமை தொங்கும்போது பேயைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், என் பெண்டாட்டியே சிரித்தவள்தான்.

ஐம்பதுகளின் தொடக்கம். அவள் பெயர் யசோதரா, புளியந்தோப்பு, பௌத்தக் குடும்பம். அவளைக் கட்டினால் கட்டுவது, இல்லாவிட்டால் சன்னியாசம் என்று நான் இருந்தேன். அவள் அப்பாவோ மில்லில் வேலை, மகா கண்டிப்பு. "பௌர்ணமிக்கு ரங்கூன் கோயிலுக்கு வா நைனா. புத்தர் முன்னால அஞ்சு நிமிசம் ஆடாம நின்னுகினு இரு. நின்னா பொண்ணு உனக்கு. இல்லேன்னா பேச்சே வாணாம்" என்று சொல்லிவிட்டார். என்னைப் பற்றி நன்றாக விசாரித்திருக்கிறார், ஒரு இடத்தில் நின்று டீ குடித்தவன் இல்லை நான்.

மணலிக்கு அப்பால், வயலுக்கு நடுவே இருந்தது அந்தக் கோயில். பர்மாவில் மர வியாபாரம் செய்து திரும்பிய ஒருவர் கட்டியது. முழுக்கத் தேக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கூரைகள், மேலே போகப் போகச் சின்னதாகும், ஓரமெல்லாம் தீக்கொழுந்து மாதிரி செதுக்கிய பலகை, உச்சியில் ஒரு குடை. பட்டப்பகல் பன்னிரண்டு மணி, அதைக் குறித்துக்கொள்ளுங்கள், இருட்டில் எதையோ பார்த்து உளறுகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

வழியில் மாட்டுவண்டி அச்சு முறிந்து ஒரு மணி நேரம் தாமதம். எல்லாரும் உள்ளே உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செருப்பை உதறிவிட்டுத் தலைதெறிக்க ஓடினேன். முதல் படியில் ஒரு கால் வைத்து மறு காலைத் தூக்குகிறேன், நேர் எதிரே பளிங்குப் புத்தர், வலது கையை உயர்த்தி உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டினார். நம்பினால் நம்புங்கள். துறைமுகத்தில் அதற்கு 'நிறுத்து' என்று அர்த்தம். கப்பல் மேல்தட்டில் நிற்பவர் அப்படிக் காட்டினால் யோசிக்கவே கூடாது, விஞ்சு நிற்க வேண்டும். என் உடம்பு தானாக நின்றது, வலது கை, அங்கே இல்லாத பிரேக்கைப் பிடித்து இழுக்கவும் செய்தது.

மடார் என்று ஒரு சத்தம். மேல் கூரைப் பலகை ஒன்று, ஆளுயரம் இருக்கும், நான் கால் வைக்க வேண்டிய அடுத்த படியில் விழுந்து பிளந்தது.

எல்லாரும் ஓடிவந்தார்கள். தூக்கிய காலைப் பயத்தில் நான் கீழே வைக்கவே இல்லை. அஞ்சு நிமிஷத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். அவள் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம பசங்க உள்ள வரசொல்லோ பேசிகினே வரானுங்கோ. இவன் புத்தரப் பாத்ததும் மரமா நின்னுட்டான் பாரு. பொண்ணு உனக்குத்தான் நைனா."

"அவர்தாங்க கை காட்டி நிறுத்துனாரு" என்றேன்.

"இன்னா கை?" என்று கேட்டுச் சிரித்தாள் யசோதரா. "ரெண்டு கையும் மடிமேலதான கீது. எனக்கு வெவரம் தெரிஞ்சதுலேர்ந்து அப்டிதான். ஒரே கல்லு."

பார்த்தேன். மடியில்தான் இருந்தது.

கல்யாணம் ஆகி மூன்று பிள்ளைகள். பௌர்ணமி தவறாமல் போகிறோம், அவர்கள் உள்ளே போய்விடுவார்கள், நான் போவதில்லை. ஏன் என்றால் துறைமுகத்தில் இன்னொன்றும் உண்டு. நிறுத்தச் சொன்னவரே மறுபடி 'எடு' என்று கை காட்ட வேண்டும், அதுவரை வேறு யார் சொன்னாலும் நகரக்கூடாது. அந்த முதல் படியில் நின்று அவர் மடியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் இன்னும் காட்டவில்லை.