முடிச்சில்லாத தையல்

நான் கதை கட்டுகிறவன் இல்லை. படம் வரைகிறவன். 1963 டிசம்பரில், கடலூர் ஓ.டி. என்னும் பழைய டவுனில், ஒரு வலைக்கிடங்கின் மாடி அறையில் எனக்கு நேர்ந்ததை நேர்ந்தபடியே எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை. சிலவற்றை எழுதக் கை வரவில்லை. அவற்றையும் எழுதத்தான் போகிறேன்.

அப்போது நான் சென்னையில் ஓவியப் பள்ளியில் கடைசி வருஷ மாணவன். என் மனைவி சைதுன் பீவி பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு, பிள்ளைக் காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தைக்கு ஜொஹரா என்று பெயர் வைத்தது மட்டும் அவளுக்குத் தெரியும்.

சைதுன் பாட்டுக் கட்டுவாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே எட்டுத் தாலாட்டுகள் கட்டி எழுதி வைத்திருந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எங்கள் பரங்கிப்பேட்டைப் பெண்கள் பலரையும் போலத் தமிழை அரபு எழுத்தில் எழுதுவாள், வலமிருந்து இடமாக. "இத ஒரு புஸ்தகமாப் போட்டுக் குடுங்க மச்சான், நம்ம புள்ள படிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

குழந்தையைத் தன்னோடு பினாங்குக்குக் கொண்டுபோவதென்று மாமியார் சலீமா பீவி முடிவு செய்துவிட்டார். மாமனாருக்கு அங்கே கடை இருந்தது.

"பொட்டப் புள்ளய நீங்க எப்படி மாப்ள வளப்பீங்க? பெயிண்ட்டக் கரைச்சிப் பாலுன்னு புகட்டுவீங்களா?" என்றார். பிறகு அவரே அழுதார். "நாப்பதாம் கத்தம் முடிஞ்ச மறுநாளு நாகப்பட்டினத்துல கப்பல்."

என்னிடம் வேலையும் இல்லை, வீடும் இல்லை. குழந்தை போகப் போகிறது. அதன் தாயின் பாட்டாவது கூடப் போகட்டும். சைதுன் இறந்த நாற்பதாம் நாள் குர்ஆன் ஓதும் அந்தக் கத்தத்துக்குள் புத்தகம் ஆகிவிட வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கடலூர் அச்சகங்களில் அரபு அச்செழுத்து கிடையாது. ஆகவே நானே மரக்கட்டையில் ஒவ்வொரு பாட்டாகச் செதுக்கினேன். மை பூசி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தேன். தெருப் பெண்களுக்கும் சேர்த்து முப்பது பிரதி. கட்டையைச் செதுக்கிய நேரத்தைவிட அதன்முன் அழுதுகொண்டு இருந்த நேரம் அதிகம்.

தைக்கத்தான் தெரியவில்லை. அதற்காகச் சிதம்பரம் போனேன். கீழவீதிக்குப் பின்னால் அமராவதி என்றொரு பெண் பைண்டிங் கடை வைத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். மளிகைக்கடைக் கணக்குப் புத்தகங்களும் காலேஜ் பிள்ளைகளின் நோட்டுகளும் அவளைச் சுற்றிக் குவிந்து கிடக்கும்.

"என்னா பாய், மெட்ராஸ்ல படம் போடக் கத்துக் குடுத்தாங்களே, ஊசியில நூல் கோக்கக் கத்துக் குடுக்கலியா?"

"கத்துக் குடுக்கல."

"அப்ப எதுக்கு அவ்ளோ தூரம் ரயிலேறிப் போனீங்க?"

யாருக்காகப் புத்தகம் என்று நான் சொன்னதும் அவள் கையிலிருந்த நோட்டைக் கீழே வைத்தாள். தன் வேலையை ஒதுக்கிவிட்டு எனக்கு இடம் போட்டாள். தாளைத் தட்டி விளிம்பு சேர்ப்பது, குத்தூசியால் ஐந்து துளை போடுவது, தைப்பது, பூச்சி அரிக்காமல் பசையில் மயில்துத்தம் கலப்பது, எல்லாம் அவள் கடையின் கணக்குப் புத்தகங்களில்தான் பழகினேன்.

"முதுகு, அதான் தைக்கிற பக்கம், எப்பவும் இடது கைப்பக்கம் பாய். தூக்கத்துல எழுப்பினாலும் கை தானா அங்க போவணும்" என்றாள்.

போயிற்று. அதுதான் வினையாயிற்று.

நாற்பதாம் நாளுக்கு முந்தைய மாலை. ஐந்தரை மணிக்கு முப்பதாவது பிரதியைத் தைத்து முடித்தேன். ஒன்றைக் கையில் எடுத்து, சைதுன் எடுப்பதுபோல வலப்பக்கமிருந்து திறக்கப் பார்த்தேன். வெறும் பின்தாள்தான் வந்தது.

அரபு எழுத்துப் புத்தகத்தை வலப்பக்கம் தைக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் இடப்பக்கம் தைத்திருந்தேன், தமிழ்ப் புத்தகம்போல. வலப்பக்கம் தையலுக்கென்று விட்ட இடம் காலியாக இருந்தது. இடப்பக்கம் விளிம்பே விடவில்லை. நூல் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. முப்பதிலும்.

எல்லா நூலையும் அறுத்தேன். அறுத்த பிறகுதான் தெரிந்தது, வேறு நூல் இல்லை. மூன்று நாளாக விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். கடைகளைச் சாத்திவிட்டார்கள். விடிகாலை ரயிலில் நான் பரங்கிப்பேட்டை போயாக வேண்டும்.

நான் சென்னையிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் நானும் சைதுனும் தங்கிய வாடகை அறை அது. அதன் குறுக்கே ஒரு சேலைத் திரை உண்டு. என்னைத் தேடி ஆண்கள் வந்தால் சைதுன் அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். அவள் போன பிறகும் நான் அதை அவிழ்க்கவில்லை. அந்தப் பக்கம்தான் கூரை ஒழுகாது. தாள்களையும் ஊசியையும் அங்கே வைத்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து தரையில் படுத்துவிட்டேன்.

"சைதுன், நான் என்ன செய்வேன்..." என்று வாய்விட்டுக் கேட்டேன். எத்தனை முறை கேட்டேனோ தெரியாது.

மணி ஆறு நாற்பது.

சர்ர்ர்ர்...

எலி என்று நினைத்தேன். மறுபடியும் கேட்டது. துணியிலிருந்து இழை உருவும் சத்தம். நீளமாக, நிதானமாக. திரைக்குப் பின்னாலிருந்து.

டக். டக். டக். டக். டக்.

ஐந்து. குத்தூசி.

அரிக்கேன் விளக்கின் சுடர் திரையை நோக்கிச் சாய்ந்தது. காற்று இல்லை. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்வது தெரிந்தது. ஆனால் மழையின் சத்தம் கேட்கவில்லை.

கற்பூர வாடை வந்தது.

"சைதுன்?"

சத்தம் நின்றது.

எழுந்தேன். திரையின் கீழே பார்த்தேன். கால் இல்லை... நிழலும் இல்லை. கையை நீட்டித் திரையைத் தொட்டேன். ஈரச்சுவர்போலச் சில்லென்று இருந்தது.

"இப்பப் பாக்காதீங்க மச்சான்."

அவள் குரல்தான்.

ஆனால்... வாயில் மண்ணை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது.

கையை எடுத்துவிட்டேன்.

சர்ர்ர்ர்... டக். டக்.

திரைக்கு அடியில் ஒரு புத்தகம் நகர்ந்து வந்தது. வலப்பக்கம் தைத்த புத்தகம்.

ஓடவில்லை. ஓடினால் அவள் போய்விடுவாளோ என்றுதான் பயம். அதற்குப் பசை தடவி அட்டை போட்டேன்.

இன்னொன்று வந்தது.

அட்டை போட்டேன்.

இன்னொன்று...

எட்டே கால் மணிக்குப் பள்ளிவாசலில் இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு கேட்டது. மழைச்சத்தம் சட்டென்று திரும்ப வந்தது. முப்பதாவது புத்தகம் என் காலருகே கிடந்தது.

திரையை விலக்கினேன்.

யாரும் இல்லை. ஊசி தரையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு கைப்பிடி ஈர மணல்.

மறுநாள் பரங்கிப்பேட்டையில் மாமியார் வீட்டில் கத்தம் ஓதி முடிந்ததும் பெண்கள் ஆளுக்கொரு புத்தகம் வாங்கிக்கொண்டார்கள். "சைதுனே ஒக்காந்து பாடுறாப்ல இருக்கு" என்று ஒருத்தி சொல்ல, உள்ளறையே அழுதது. எல்லோரும் போன பிறகு மாமி, ஜொஹராவுக்கென்று வைத்த பிரதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மாப்ள, இத யாரு தச்சது?"

மாமி நகத்தால் தையலை நிமிண்டிப் பார்த்தார்.

"இது கடைநூல் இல்ல. முடிச்சு எங்க?"

முடிச்சு இல்லை. அப்போதுதான் நானும் கவனித்தேன். மாமி தையலைப் பிரித்து நூலை உருவினார். நாலைந்து வெள்ளை இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூல். முகர்ந்தார். முழங்கை வைத்து அளந்தார். இரண்டு முழம். மிச்சமிருந்த இன்னொரு பிரதியையும் பிரித்து அளந்தார். அதே இரண்டு முழம்.

அந்தத் தெருவில் எந்தப் பெண் மௌத்தானாலும் கஃபன் துணியை, புதைக்கும்போது போர்த்தும் வெள்ளைத் துணியை, கிழித்து மூட்டிக் கொடுப்பவர் மாமிதான். அதற்குக் கடைநூலைத் தொட மாட்டார். அந்தத் துணியிலிருந்தே இழை உருவி, முடிச்சுப் போடாமல் தைப்பது அவர் வீட்டு வழக்கம். மகளுக்கும் அவர்தான் தைத்திருந்தார். கற்பூரம் தடவி. அந்தத் துணியை அவர் கிழித்த அகலமும், அதன் ஒவ்வொரு குறுக்கிழையின் நீளமும், அதே இரண்டு முழம்.

"எத்தன புஸ்தகம் மாப்ள?"

"முப்பது."

மாமியின் உதடுகள் கணக்குப் போட்டன. பிறகு இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"அல்லாஹ்வே... அப்ப எம்மவ என்னத்தப் போத்திக்கிட்டுக் கெடக்குறா?"

அன்றே வீடு வீடாக ஓடினேன். கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். சிலர் அதற்குள் கொழும்புக்கும் சைகோனுக்கும் போகிறவர்களிடம் தந்து அனுப்பிவிட்டார்கள். ஜொஹராவின் பிரதியை மாமி அந்த மாலையே கறுப்புக் கடைநூலால், முடிச்சுப் போட்டுத் தைத்துத் தன் பெட்டியில் வைத்தார். மறுநாள் குழந்தையும் பாட்டும் கப்பலேறிப் போயின. திரும்பக் கிடைத்த வெள்ளை நூலையெல்லாம் நான் சைதுனைப் புதைத்த கபரின் தலைமாட்டில் புதைத்தேன்.

அது என்ன என்று எனக்கு இன்றும் தெரியாது. கபரைத் திறந்து பார்க்க நான் யாரையும் கேட்டதில்லை.

பதினோரு பிரதிகள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. வலப்பக்கம் தைத்த, எட்டே எட்டுத் தாலாட்டு உள்ள சின்னப் புத்தகம் உங்கள் வீட்டுப் பெட்டியில் எங்காவது கிடந்தால், பாட்டுகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நூலை மட்டும் தாருங்கள்.