ரிங் கட்டும் ரீலோட் கடையும்

போன்களுக்குக் காசு ஏற்றி, அதாவது ரீலோட் போட்டுப் பிழைக்கிற நான், ரீலோட்டை எப்படிக் குறைக்கலாம் என்று வாறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தே பாதி வியாபாரத்தை இழந்தவள். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் போன பிறகு, சும்மா இருக்க மனமில்லாமல் தொடங்கினேன். மாதம் முடியுமுன் டேட்டா முடிந்து முழிக்கிற உங்களைப்போல ஒருத்திதான் நானும்.

காலைச் சலாம்

கடலுக்குப் போகிற ஒருவர், நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் கோபத்தோடு வந்தார். ஒரு வீடியோவும் பார்க்கவில்லையாம், போட்ட டேட்டா மட்டும் கரைகிறதாம். போனை வாங்கிப் பார்த்தேன். தோணிக்காரர்களுக்கு ஒரு குரூப், பள்ளிவாசலுக்கு ஒன்று, சொந்தபந்தக் குடியாக்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் விடிந்தால் போதும், பூ விரிகிறது, புறா பறக்கிறது, நடுவில் சலாம். எல்லாம் தன்பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தன. அதை நிறுத்திக் கொடுத்து விளக்கமும் சொன்னேன். காக்கா போனைத் திருப்பி வாங்கிக் குரூப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"அப்ப இவனுகள் இவ்வளவு நாளும் எனக்குச் சலாம் சொன்னது என்ட காசிலயா, தங்கச்சி?"

மதிலுக்கு மேலால் வந்த வைஃபை

எங்கள் ஒழுங்கையில் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு வீட்டுக்காரிகளுக்கும் ஒரே வைஃபை, பெட்டி மூத்தவளின் வீட்டில். பில்லில் ஆளுக்குப் பாதி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் பக்கத்தில், பக்கத்து வீட்டிலிருந்து வந்த கோப்பையை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் நாலு பேரீச்சம்பழமாவது வைப்போம். ஒரு நோன்பில் மூத்தவளிடமிருந்து கஞ்சி வந்த கோப்பையை இளையவள் மறதியில் கழுவி அப்படியே கொடுத்தனுப்பிவிட்டாள். அன்று பின்னேரமே பாஸ்வேட் மாறிவிட்டது! முக்காட்டை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மூணு நாள் பெக்கேஜ் ஒண்டு போடுங்க ராத்தா. அதுக்கு மேல அவட கோவம் நிக்காது."

ஒரு மணி

என் கடைசி மகன் கட்டாரில் டிரைவர். அவன் போன புதிதில் போனில் ஒரு கோல் எடுத்தால் சம்பளத்தில் ஒரு துண்டு போய்விடும். அதனால் பேசி வைத்துக்கொண்டோம். விடியச் சுபஹ் தொழுதுவிட்டு அவன் போனில் ஒரு மணி அடித்து வெட்டுவான். அந்த ரிங் கட்டுக்கு, தொழுதேன், சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தம். நானும் ஒன்று கொடுப்பேன். அவனுக்கு சுபஹ் என்றால் இங்கே வெயில் ஏறியிருக்கும். கடை திறக்கிற நேரம். ஒருநாள் கை தவறிப் பச்சையை அமத்திவிட்டேன். "உம்மா, ஏன் தூக்கினீங்க? வைங்க, வைங்க, காசு போகுது!" என்று பதறினான். வைத்துவிட்டேன். ஆனாலும் அந்த "உம்மா" எனக்கு அன்று முழுக்கப் போதுமாயிருந்தது.

மறுகா, சில வருடம் போக, வீட்டுக்கு வைஃபை வந்தது. முகம் பார்த்துக் கதைத்தோம், ரிங் கட் நின்றது. போன மாதம் பில்லைக் குறைக்கிறேன் என்று சின்ன பெக்கேஜுக்கு மாறினேன். லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்தே அதை முடித்துவிட்டார்கள். மாதம் முடியக் கொஞ்ச நாள்தானே, ஏன் காசைக் கொட்டுவான் என்று நானும் விட்டுவிட்டேன். அவனுக்குச் சொல்லவும் மறந்துபோனேன். இரண்டு நாள் மகனின் சத்தம் இல்லை. நெட் இல்லாததால்தான் என்று தெரிந்தும், தஸ்பீஹ் மாலை உருட்டினாலும் மனம் போனிலேயே நின்றது. பழைய ரிங் கட் நினைவுக்கே வரவில்லை. புள்ளைக்கு என்னவும் ஆகிட்டோ, யா அல்லாஹ்! மூன்றாம் நாள் கடைக் கதவைத் திறக்கிறேன், பழையபடி ஒரு மணி. வெட்டிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று நானும் ஒன்று கொடுத்தேன். அவசரத்தில் இரண்டு தரம் அடித்துவிட்டது.

வைஃபை திரும்பி வந்த அன்று திரையில் முகத்தைக் கண்டதும் மகன் சொன்னான்:

"பயந்து போனன் உம்மா. இனிப் பெக்கேஜ் இருந்தாலும் இல்லாட்டியும் சுபஹுக்கு அடிப்பன், நீங்க மட்டும் தூக்கிராதீங்க."

இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் பெக்கேஜ் போட்டுக் கொடுத்த நான், எனக்கென்று தெரிந்தெடுத்தது ஒரு சதமும் ஆகாத அந்த ஒரு மணியைத்தான்.