எஸ் வாத்தியார்

“ஹி கோஸ், ஷி கோஸ், இட் கோஸ், தே கோ.” காலை ஆறு மணிக்கு மனைவி பல் துலக்கிவிடும்போதே இராமதாஸுக்கு ஆரம்பித்துவிடும். தாடையில் நுரை வழிந்தாலும் ஓர் எழுத்துப் பிசகாது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

ரெட்டியார்பாளையத்தில் அவருக்கு ‘எஸ் வாத்தியார்’ என்று பெயர். மாடியறையில் முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் டியூஷன் எடுத்தவர். தாமதமாக வந்தால் கேட்கமாட்டார், கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தாலும் பொறுத்துக்கொள்வார். ஒருமைக்கு எழுதும்போது ‘எஸ்’ விட்டுப்போனால் மட்டும் பிள்ளை அன்றைக்கு நேரத்தோடு வீடு போய்ச் சேராது. “வந்தது ஒருத்தனா, ஊரே தெரண்டு வந்துதா? ஆளப் பாத்து வெர்பப் போடுடா!” என்று அவர் போடும் சத்தம் தெருமுனை பஸ் ஸ்டாப் வரை கேட்கும். கல்யாணத்துக்கு அழைக்க வந்த பழைய மாணவனிடம், பத்திரிகையைச் சிவப்பு மையால் திருத்திக் கையிலேயே திருப்பிக் கொடுத்த மனிதர்.

மூளையில் ரத்தம் கட்டி வலப்பக்கக் கை கால் விழுந்து மூன்று மாதமாகிறது. கால் கொஞ்சம் தேறிவிட்டது. பேச்சுதான் வரவில்லை. தண்ணீர் கேட்டாலும் “தே கோ”, முதுகு அரித்தாலும் “தே கோ.” எதிர்வீட்டுக் கலியபெருமாள் அதைக் கேட்டுச் சிரித்தார். “வாத்தியாருக்கு ஒண்ணும் ஆவல. இங்கிலீஷு பிச்சிக்கினு போவுது பாரு!”

மனைவி கலைமகள் சிரிக்கவில்லை. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் சிவசங்கரி அவளிடம் மறைக்காமல் சொல்லியிருந்தாள்: “அது மனப்பாடம்மா. நாக்கு தானா ஓட்டுது. அவரா நெனச்சி ஒரு வார்த்த சொல்லணும். அது வந்துட்டா மத்ததும் மெல்ல வரும். நாள் தள்ளத் தள்ளக் கஷ்டம்.”

அன்றிலிருந்து எதையும் கேட்காமல் கொடுப்பதைக் கலைமகள் நிறுத்தினாள். டம்ளரைக் கை எட்டாத தூரத்தில் வைத்தாள். காப்பியில் சர்க்கரை போடவில்லை. ஒன்றுக்குப் போகிற விஷயத்தில் மட்டும் இந்த வம்பு இல்லை. மற்றதற்கெல்லாம் அவர் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார், முறைப்பார், கடைசியில் “ஹி கோஸ்” என்று தொடங்குவார். சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுப்பாள்.

“முடியாத மனுசன இப்பிடியா படுத்துவ?” என்றார் கலியபெருமாள்.

“எல்லாம் கேக்காமயே கெடச்சா வாய எதுக்குண்ணே தொறப்பாரு?”

போன வியாழக்கிழமை நொய்க்கஞ்சியில் அவள் உப்பு ஒரு கல்கூடப் போடவில்லை. முதல் வாயிலேயே அவர் நிமிர்ந்தார். “ஹி கோ…” என்றவர் நிறுத்தினார். பாடம் பாதியில் நின்றது அதுதான் முதல் தடவை. உதடு குவிந்தது, மூடியது, மறுபடி குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

“உ… உப்பு.”

கலைமகள் கரண்டியைக் கீழே வைத்தாள். “என்னாது? காதுல விழல.”

“உப்பு!”

“ஏன், கஞ்சி நல்லாத்தான இருக்குது?”

அவருக்கு வந்ததே கோபம், டியூஷன் அறையில் வருகிற அதே கோபம். கிண்ணத்தை இடது கையால் அவள் பக்கம் தள்ளினார். “நீ… குடி.”

கலைமகள் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். அந்தச் சப்பென்ற கஞ்சியை, வைத்த வாய் எடுக்காமல், அடிவண்டல் வரை குடித்து முடித்தாள்.