நாலாவது வண்டி

நம்பமாட்டேன் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது. போன ஐப்பசியில், கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் மலைரோட்டில், பட்டப்பகலில் நடந்தது.

காளீஸ்வரனுக்குக் காலையிலிருந்தே எரிச்சல். ஏதோ ஒரு கம்பெனி மூன்று வண்டிகளை வரிசையாக விட்டுப் பரீட்சை பார்த்தது. முன்னால் மேல்மலை போளூர் கேரட் ஏற்றிய லாரி; ஓட்டுவது அவர். பின்னால் ஒரு பிக்கப், கடைசியில் ஒரு வேன். அவை இரண்டும் டிரைவர் இல்லாமல், முன்வண்டியைப் பார்த்துத் தாமாகவே இடைவெளி விட்டு ஓடிவரும். வேனில் காவலுக்கு உட்கார்ந்திருந்தது அவர் மகள் ரேவதி.

இடைவெளியாம், மண்ணாங்கட்டி. லாரி கனம், வேன் லேசு. இவர் பிரேக்கை லேசாகத் தொட்டால் பிக்கப் குலுங்கும். வேன் குப்புற விழப்போவதுபோல் நிற்கும். ரேவதிக்கு இரண்டு தடவை நெற்றி இடித்துவிட்டது. கம்பெனிப் பெண் சௌம்யாவிடம் போனில் சத்தம் போட்டார். சரியாகிவிடும் அங்கிள் என்றாள். எங்கே சரியானது?

பெருமாள்மலை தாண்டியதும் மேகம் இறங்கியது. கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை.

லாரிக்குள் ஒரு சின்னத் திரை. வண்டிக்கு ஒன்றாக மூன்று புள்ளி தெரியும்.

நாலு தெரிந்தது.

மகளுக்குப் போன் போட்டார். "ஏத்தா, ஒனக்குப் பின்னால எவனும் வாரானா?"

"ஒருத்தரும் இல்லப்பா. ஆனா பிரேக் லைனர் தீயிற வாட வருது."

நாலாவது புள்ளி நகர்ந்தது. வேனைத் தாண்டியது. பிக்கப்பைத் தாண்டியது. லாரியையும்...

பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை.

லாரி தானாக வேகம் குறைத்தது. முன்னால் வண்டி வந்துவிட்டால் அதுவும் இடைவெளி பார்க்கும். ஆரன்கூட அடிக்காமல் எவனோ ஏறிப் போய்விட்டான் என்று வைதார்.

முன்னால் சிவப்பு லைட் தெரிந்தது.

மேகத்துக்குள் மலை டிரைவருக்கு ஒரே பழக்கம்தான். முன்னால் போகிறவன் லைட்டைப் பிடித்துக்கொண்டே போவான். அவரும் போனார்.

போனை இன்னும் துண்டிக்கவில்லை. "அப்பா, மேப்புல வளைவு வந்திருச்சு. ஏன் திருப்பல?"

லைட் நேராகப் போனது...

பிரேக்கை மிதித்தால் வேன் பிக்கப்பில் போய்ச் சொருகுமே.

"கெட்டியா பிடிச்சுக்க தாயி."

மிதித்தார்.

கிறீச்... பின்னால் ஒரு கிறீச். அதற்கும் பின்னால்...

இறங்கி ஓடினார். பிக்கப்புக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு கைதான் நுழையும். மகள் முழுசாக இருந்தாள். லாரியின் பம்பர் தடுப்புச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் பள்ளம்.

மறுநாள் சௌம்யா வீட்டுக்கே வந்தாள். மிஷின் கோளாறு என்றுதான் சொல்லப்போகிறாள் என்று காளீஸ்வரன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். அவள் அதைச் சொல்லவில்லை.

"பதிவ எடுத்துப் பார்த்தேன். நீங்க நின்னதும் அந்த நாலாவது வண்டியும் நின்னிருக்கு அங்கிள். அதே இடைவெளி விட்டு. நீங்க திரும்பக் கிளம்புற வரைக்கும் நகரல."

"எங்க நின்னுச்சு?"

"உங்களுக்கு முன்னாடி... சுவருக்கு அந்தப் பக்கம்."