மைசூர் முத்திரை போட்ட சேர்

ஓசூர் பக்கத்துப் பேரிகைச் சந்தையில் தானியக் கடை வைத்திருந்த முனிலட்சுமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவர் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன பிறகு, 1953இல், தனியாகத் தொடங்கிய கடை. ராகியும் கொள்ளும் விற்றார். உள்ளூர்க்காரர்கள் படிக் கணக்கில் கேட்பார்கள். மைசூர் எல்லைக்கு அப்பால் மாலூரிலிருந்து வரும் கன்னடக்காரர்களுக்குச் சேர்க் கணக்குதான் பழக்கம். அதனால் கடையில் இரண்டு அளவைகள். பெரியது படி, ஓசூரில் முத்திரை போட்டது. சிறியது சேர், மாலூரில் வாங்கியது. அதிலும் சர்க்கார் முத்திரை இருந்தது. எந்தச் சர்க்கார் என்று அவர் யோசிக்கவில்லை.

அடுத்த ஆண்டு தை மாதம், சந்தை நிரம்பியிருந்த நேரத்தில் எடை அளவு இன்ஸ்பெக்டர் வந்தார். சேரைத் திருப்பிப் பார்த்து, மைசூர் முத்திரை சென்னை ராஜ்யத்தில் செல்லாது என்றார். பிறகு படியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். குரல் மாறியது. பெரியதால் வாங்கிச் சிறியதால் விற்கிறவர்களை அவர் நிறையப் பார்த்தவர்.

நின்றபடியே, எதை எதற்காகக் கைப்பற்றினார் என்று மகஜர் எழுதினார். சாட்சியாகப் பக்கத்து உப்புக்கடை கங்கப்பன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மைப்பெட்டி முனிலட்சுமியிடம் நீண்டது.

“படிச்சுக் காட்டுங்க சாமி. அப்பறம் வெக்கறேன்.”

“சட்டுனு வெச்சுடும்மா,” என்றார் கங்கப்பன். “அய்யா இன்னும் பத்துக் கடை பாக்கணும்.”

“அந்தப் பத்துல உன்னுதும் ஒண்ணுதானே அண்ணா?”

கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. வேகமாகப் படித்தார். கடைசி வரியில், இரண்டு அளவை வைத்து ஜனங்களை ஏமாற்றி வந்ததை ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்தது.

முனிலட்சுமி கையை இழுத்துக்கொண்டார். ஏமாற்று வழக்கு என்றால் சந்தைக் குத்தகைக்காரர் அன்றைக்கே இடத்தைப் பிடுங்கிவிடுவார். வேறு பிழைப்பு இல்லை.

“முத்திரை தப்பு, அது என் தப்புதான். அதுக்குக் கை வெக்கறேன். ஏமாத்தினேன்னு எழுதினதுக்கு வெக்க மாட்டேன்.”

மறுத்தால் அதையும் எழுதுவேன் என்றார் இன்ஸ்பெக்டர். முனிலட்சுமி கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். படிக்கு ஒரு விலை, சேருக்கு ஒரு விலை. இரண்டையும் கூவித்தான் விற்கிறேன், வாங்கினவர்களைக் கேளுங்கள் என்றார்.

அப்போதுதான் ராகி வாங்கியிருந்த மாலூர் சரசம்மா கன்னடத்தில் ஆமாம் என்றார். யாரோ அதைத் தமிழில் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. படி நிறைய ராகி எடுத்து, அதைச் சேரால் அளந்து பார்த்தார். இரண்டு விலையையும் கேட்டுத் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். மறுபடியும் அளந்தார். சேர் எவ்வளவு சிறியதோ அவ்வளவு விலையும் குறைந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் கடைசி வரியை அடித்தார். செல்லாத முத்திரையுள்ள அளவை ஒன்று கைப்பற்றப்பட்டது என்று மட்டும் எழுதினார்.

“அடிச்ச எடத்துல நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க சாமி.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். போட்டார். முதலிலிருந்து இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே முனிலட்சுமி கைநாட்டு வைத்தார்.

ஓசூர் கோர்ட்டில் அபராதத்தோடு முடிந்தது. மகஜர் நகலை இரண்டு தடவை வாசித்த குத்தகைக்காரரின் குமாஸ்தா, இதில் ஏமாற்றியதாக ஒன்றுமில்லையே என்று அவரிடம் சொன்னார். அடுத்த சந்தைக்கு முனிலட்சுமி அதே இடத்தில் சாக்கை அவிழ்த்தார்.