அண்ணியின் திரையில் எழுத்தளவு

திரை முழுக்க நான்கே சொற்கள். அண்ணியின் மேசையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். கறுத்துப் பருத்த நான்கு ஆங்கிலச் சொற்கள், அவற்றுக்கு முன்னால் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருக்கும் அண்ணி. வாசலில் கையெழுத்துப் போட வந்த லாரி டிரைவர்கூட நின்ற இடத்திலிருந்தே அதைப் படித்துவிடலாம். அண்ணி மட்டும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் தேடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் சிரித்தேன், அவரும் சேர்ந்து சிரித்தார். இப்போது அந்தக் காட்சியை நினைத்துச் சிரிக்க முடியவில்லை.

விருத்தாசலத்தில் நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பொறுமை எனக்குக் கொஞ்சம் கம்மி என்று ஊரில் பேர். செராமிக் பேட்டையில், மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றுக்கு நான்தான் கம்ப்யூட்டர் ஆள். அங்கே டெஸ்டிங் பிரிவில் டேட்டாபேஸ் பார்ப்பவர் என் அண்ணி. அண்ணன் வளைகுடாவில் இருக்கிறார். அண்ணியும் பிள்ளைகளும் எங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறார்கள். முதலில் அதே பேட்டையில் பீங்கான் பொம்மைக்கு வண்ணம் அடிக்கிற வேலையில் சேர்ந்தவர், தபாலில் டிகிரி முடித்து, கம்ப்யூட்டர் கற்று, அந்த நாற்காலிக்கு வந்தார். அந்த நாற்காலியைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் ஒரு கர்வம் தெரியும். ஞாயிறு பூசைக்குப் போகும்போதுகூட அவ்வளவு கவனமாகப் புடவை கட்டமாட்டார் என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

வேலை இதுதான். சூளையிலிருந்து இறங்கும் சரக்கை லாட் லாட்டாகப் பிரித்து, மின்சாரம் பாய்ச்சிச் சோதிப்பார்கள். தாங்கினால் பாஸ், கீறல் விட்டால் ரிஜெக்ட். முடிவு வந்ததும் அண்ணி டேட்டாபேஸில் ஒரு கட்டளை எழுதி அந்த லாட்டின் நிலையை மாற்றுவார். மேல் வரிகள் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லும். கடைசி வரி எந்த லாட்டுக்கு என்று சொல்லும். பிறகு ஒரு பொத்தான். லோடிங் ஷெட்டில் இருக்கும் திரையில் பாஸ் என்று வந்தால் சரக்கு லாரியில் ஏறும்.

"தம்பி, இந்த எழுத்து ரொம்ப சன்னமா இருக்குது. கொஞ்சம் பெருசு பண்ணிக் குடுங்களேன்" என்றார் ஒருநாள். பிரிண்டர் பார்க்கப் போயிருந்தேன். அந்த மென்பொருளோடு வரும் எழுத்து நோஞ்சான் எழுத்துதான். பூஜ்யத்துக்கும் ஆங்கில ஓ-வுக்கும் வித்தியாசமே தெரியாது. ஒவ்வொரு எழுத்தும் ஒரே அகலத்தில் நிற்கிற, பூஜ்யத்தின் நடுவில் கோடு போட்ட எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அளவைக் கூட்டி வைத்தேன். "அப்பாடா, கண்ணு குளிர்ந்துடுச்சு தம்பி" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த மாதமே மறுபடி கூப்பிட்டார். இந்த முறை விடை வரும் கட்டங்கள். அதற்கு எழுத்துருவைத் தனியாக மாற்றி, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். செய்துகொடுத்தேன். பிறகு தடித்த எழுத்து கேட்டார். பிறகு வெள்ளைப் பின்னணி கூசுகிறது என்றார், கறுப்பாக்கினேன். பிறகு கறுப்பு வேண்டாம், சந்தன நிறம் என்றார். ஒவ்வொரு முறையும் "இப்ப சரியா இருக்குது" என்பார். அந்தச் சரி சில வாரம்கூடத் தாங்காது. கடைவீதியில் கண்ணாடியை இரண்டு தடவை மாற்றியிருந்தார். டாக்டரிடம் போகச் சொல்லாமல் பவரை மட்டும் மாற்றிக் கொடுத்த அந்தக் கண்ணாடிக் கடைக்காரரை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுத்து பெரிதாக ஆக அண்ணி இன்னொரு பழக்கத்துக்கு வந்திருந்தார். படிக்கிற வரியின்மேல் மௌஸை இழுத்துக்கொண்டே போவார். இழுத்த இடம் நீலமாகும், அந்த நீலத்தில் எழுத்து வெள்ளையாகத் தெரியும். விரல் வைத்துப் படிப்பதுபோல் அவருக்கு அது. "இல்லன்னா எங்க வுட்டேன்னு தெரியமாட்டேங்குது" என்றார். படித்து முடித்ததும் ஓரத்தில் ஒரு தட்டு தட்டி நீலத்தைக் கலைத்துவிடுவார். அப்புறம்தான் பொத்தானை அழுத்துவார். கலைக்காமல் அழுத்தினால் அந்த மென்பொருள் நீலமான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடும், மற்றதைச் சட்டை செய்யாது. அது அண்ணிக்கும் தெரியும்.

வீட்டிலும் சில விஷயங்கள் நடந்தன. மேசை ஓரத்தில் இருந்த டம்ளரை முழங்கை தட்டிவிடும். மாதா கோயில் படிக்கட்டில் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வார். கடலூர் ரோட்டைக் கடக்கும்போது ஒரு பஸ் உரசிக்கொண்டு போக, "இது எங்கேர்ந்து வந்துது?" என்று நடுங்கிப் போய் நின்றார். அது ஹாரன் அடித்துக்கொண்டே வந்த பஸ். வேலைக் களைப்பு என்றோம். அண்ணன் இல்லாத கவலை என்றோம். அதில் எதுவும் இல்லை என்று அடிமனதில் எனக்கு ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நச்சரித்தேன். "டாக்டர் லீவு போட்டு ரெஸ்ட் எடுன்னு சொல்லுவாங்க. ரெண்டு நாளு அந்தச் சேர்ல நான் இல்லன்னா வேற ஆள ஒக்கார வச்சிடுவாங்க தம்பி" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

ஒருநாள் மத்தியானம் நான் அவருக்குப் பின்னால் நின்று கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன். அண்ணி ஒரு லாட்டை பாஸ் ஆக்கினார். வழக்கம்போல் மௌஸை இழுத்துப் படித்தார். எழுத்து அவ்வளவு பெரிதாகியிருந்ததால் கட்டளையின் கடைசி வரி திரைக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. தெரிந்த வரிகள் வரைக்கும் நீலம் ஆகியிருந்தது. அவர் ஓரத்தில் தட்டினார். தட்டியது அந்தப் பெட்டிக்கு வெளியே, சும்மா கிடந்த விளிம்பில். நீலம் கலையவில்லை. பொத்தானை அழுத்திவிட்டார்.

இத்தனை வரிசைகள் மாறின என்று மென்பொருள் கீழே சொல்லும். கட்டளைக்கும் விடைக்கும் எழுத்தை மாற்றித் தந்திருந்தேனே தவிர, அந்தச் செய்திப் பெட்டியின் எழுத்து பழைய பொடி எழுத்தாகவே இருந்தது. அதை மட்டும் பெரிதாக்கச் சொல்லி அண்ணி கேட்டதே இல்லை. ஒன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் பெரிய எண் ஒன்று இருந்தது. எந்த லாட் என்ற வரி இல்லாமல் ஓடிய கட்டளை எல்லா லாட்டையும் மாற்றிவிட்டிருந்தது.

"அண்ணி, ஒரு லாட்டுதானே மாத்துனீங்க?"

"ஆமா தம்பி, ஒண்ணுதான்."

"கீழ பாருங்க."

"எங்க?"

"கீழங்க அண்ணி. திரையிலயே, கீழ."

அவர் குனிந்தார். பார்வை எழுத்துகளின்மேல் போனது, மேசைமேல் போனது, கீபோர்டுக்குப் போனது, மறுபடி மேலே வந்தது. இருட்டறையில் சுவிட்சைத் தடவுகிற கைபோல் அந்தக் கண்கள் அலைந்தன. கோளாறு எழுத்தின் அளவில் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெட்டி அங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. நான் விரலை வைத்துக் காட்டியதும், விரலைப் பின்தொடர்ந்து வந்து, அந்தப் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமலே கடகடவென்று படித்தார். படித்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, வெடிப்பு வுட்டதெல்லாம் பாஸ் ஆயிடுச்சா? மாதாவே, லோடு ஏத்திக்கிட்டு இருக்காங்களே!"

ஒதுக்கி வைத்த இன்சுலேட்டர் ஒன்று கம்பத்தில் ஏறினால், கீழே நிற்கிற மனிதன் உயிர் போகும். அண்ணி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். நடைபாதையில் சுடாத இன்சுலேட்டர் கப்புகள் அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று வலது பக்கம் நின்றது. பட்டப்பகல். அண்ணி அது அங்கே இல்லாததுபோல் ஓடி, நேராக அதன்மேல் போய் விழுந்தார். கப்புகள் சரிந்து தூளாயின. எழுந்து, புடவையெல்லாம் வெள்ளை மண்ணோடு, "லாரிய நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே போனார். லாரி நின்றது. ஏற்றிய வெடிப்புச் சரக்கை இறக்கினார்கள். முந்தைய நாள் நகலிலிருந்து டேட்டாபேஸை நான் மீட்டுக்கொடுத்தேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் எல்லோரும் அந்தத் தள்ளுவண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதுச்சேரியில் பார்த்த டாக்டரம்மா பரிசோதனைக் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. "கண்ணுக்குள்ள பிரஷர் ரொம்ப நாளா ஏறியிருக்கும்மா. வலி இருக்காது, அதான் தெரியல. நடுவுல பார்வை நல்லா இருக்கு, சுத்திதான் போயிடுச்சு. போனது வராது. இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம்." அண்ணி தயங்கித் தயங்கி எழுத்தைப் பற்றிக் கேட்டார். "நீங்க பெருசாக்க ஆக்க அது உங்க பார்வைக்கு வெளியில போகும்மா. சின்னதா வச்சிப் பாருங்க" என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸில் பண்ருட்டி தாண்டியதும் அண்ணி, "உங்க அண்ணன் கிட்ட கண்ணாடி மாத்தியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சா எல்லாத்தையும் வுட்டுட்டு ஓடியாந்துடுவாரு" என்றார். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. சரி என்று தலையாட்டினேன். பக்கத்தில் இருந்தும் நான் தலையாட்டியதை அவர் பார்க்கவில்லை, வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது.

கம்பெனியில் நாற்காலி பிழைத்தது. மாற்றம் செய்கிற வேலை இன்னொரு பெண்ணுக்குப் போனது. பார்த்துச் சொல்கிற வேலை மட்டும் அண்ணிக்கு. நான் எழுத்தைப் பழைய அளவுக்கே இறக்கினேன். ஒரு வரி முழுதாகத் தெரிந்தது என்று சின்னப் பிள்ளைபோல் சந்தோஷப்பட்டார். காலையும் இரவும் சொட்டு மருந்து, தவறுவதில்லை. சில மாதம் கழித்து, இன்னும் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னார். மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம். போன வாரம் நான் வைத்துக் கொடுத்த அளவை எனக்கே படிக்க முடியவில்லை, மூக்கைத் திரையில் ஒட்ட வேண்டியிருந்தது. அண்ணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து மளமளவென்று வாசித்தார். மேனேஜர் வியந்துபோய், "கண்ணு நல்லாவே தேறிடுச்சே மேடம்!" என்றார். "ஆமாங்க சார்" என்றார் அண்ணி. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வருகிறார். டிக்கெட் போட்டாயிற்று என்று நேற்று வீடியோ காலில் சொன்னார். பிள்ளைகள் போனுக்கு முண்டியடித்தார்கள். அண்ணி போனைச் சுவர் அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, பின்னாலேயே நடந்து, சமையலறை வாசல்வரை போய் நின்றுகொண்டார். அங்கிருந்து சிரித்துச் சிரித்துப் பேசினார். ஏன் அவ்வளவு தூரம் என்று அண்ணன் கேட்க, அடுப்பில் பால் இருக்குது என்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை. பேசி முடித்து, பிள்ளைகள் உள்ளே போனதும், என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"அங்க நின்னாதான் தம்பி அவரு மொகம் முழுசா வருது. நேர்ல வந்தா எவ்ளோ தூரம் தள்ளி நிக்கணுமோ, தெரியல."