மோட்டாரைத் தொடாத தொழிற்கல்வி: வேடசந்தூரிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஒரு நாள்

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்க்கலாம் என்று உங்களில் சிலர் எனக்கு எழுதியிருந்தீர்கள். சான்றிதழ்களோடு ஊர் ஊராக அலையப்போகிறவர்களுக்காக, 1987 ஜூனில் என் தங்கை ஜெசிந்தாவோடு நான் போன ஒரு நாள் பயணத்தைச் சொல்கிறேன். ரசிக்க அதில் ஒன்றும் இல்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, நாட்டின் கல்வியையே மாற்றப்போகிறார்கள் என்று பத்திரிகைகளில் ஒரே பேச்சு. ஏட்டுப் படிப்பின் காலம் முடிந்தது, இனித் தொழில் படித்தவனுக்குத்தான் வாழ்வு என்றார்கள். நான் வேடசந்தூரில் ஒரு நூற்பாலையில் ஆட்களின் வரவைக் குறிக்கும் டைம் கீப்பர். தினமும் இரண்டு பத்திரிகை படிப்பவன் என்ற திமிர் வேறு. இயற்பியல் படிக்க ஆசைப்பட்டவளை, "கெணத்துக்குக் கெணறு மோட்டார் ஓடுது, ஒனக்கு என்ன கொறச்சல்?" என்று பேசிப் பேசியே பிளஸ் ஒன்னில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் சேர்த்துவிட்டேன். அப்பா இல்லாத வீடு, நான் வைத்ததுதான் சட்டம். அவளும் அந்தப் பிரிவில் முதலாவதாகத் தேறினாள்.

காலை 6.40க்கு பஸ். திண்டுக்கல் இருபது கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். 7.35க்கு இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டு, இரண்டு கிலோமீட்டர் நடந்து ஒரு கல்லூரிக்குப் போனோம். (ஆட்டோவுக்கு ஐந்து ரூபாய் கேட்டார்கள். காலையில் நடப்பதே மேல்.) பத்து மணிக்கு வந்த குமாஸ்தா மதிப்பெண் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். மார்க்கைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

"நல்ல மார்க்குதான். ஆனா தொழில் குரூப்பு படிச்ச பிள்ளைய பி.எஸ்ஸி.க்கு இங்க எடுக்க மாட்டாங்க தம்பி."

அடுத்து வேலைவாய்ப்பு அலுவலகம். வரிசையில் ஒன்றே கால் மணி நேரம் நின்றோம். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர், "ஐ.டி.ஐ. சர்டிபிகேட் எங்க?" என்றார்.

"இதுவும் அதே தொழில்தான சார்? கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல குடுத்தது."

"ஐ.டி.ஐ.யக் கேக்குறதும் கவர்மெண்டுதான்" என்று பட்டியலைத் திருப்பித் தள்ளினார்.

மில்லில் என்னோடு வேலை பார்ப்பவரின் மச்சான் வத்தலக்குண்டில் வைண்டிங் கடை வைத்திருந்தார். அதுதான் கடைசி நம்பிக்கை. 1.10 பஸ், முப்பத்தைந்து கிலோமீட்டர், மூன்று ரூபாய். கொடைக்கானல் கூட்டம் அடைத்துக்கொண்டதால் பாதி வழியில் உள்ள செம்பட்டி வரை நின்றே போனோம். கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிட நடை. பெண்பிள்ளை என்று முகம் சுளிப்பாரோ எனப் பயந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வாத்தா, உக்காரு. எங்க, இந்த மோட்டாருக்குக் கம்பி எப்படிச் சுத்துவ, சொல்லு."

ஜெசிந்தா சாக்பீஸ் வாங்கித் தரையிலேயே படம் போட்டாள். இருபத்து நான்கு பள்ளம், எந்தச் சுருள் எதில் இறங்கும், எந்த முனை எதோடு சேரும் என்று ஒரு கோடு பிசகவில்லை. அவர் அசந்துபோனார். பிறகு காலி மோட்டார் கூட்டையும் கம்பிச் சுருளையும் கொடுத்தார். கம்பியைப் பள்ளத்தில் இறக்க அவளுக்குக் கை வரவில்லை. அழுத்தினாள். விளிம்பில் உரசியது. அவர் சோதனை பல்பை வைத்துப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது.

"கம்பி ஒரசி பாடியில கரண்ட் பாயுது ஆத்தா. இதக் கெணத்துல மாட்டுனா தண்ணி பாய்ச்சுற சம்சாரி செத்துப்போவான். இதுவரைக்கும் எத்தன மோட்டாரு பிரிச்சிருக்க?"

"ஒண்ணும் பிரிச்சதில்லண்ணே."

பள்ளியில் இருந்ததே ஒரு மோட்டார்தானாம். பதிவேட்டில் ஏறிய சாமான், கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று வாத்தியார் கழற்ற விடவே இல்லையாம். இரண்டு வருடப் படிப்பும் கரும்பலகையில்தான்.

"எட்டாப்பு விட்டுட்டு வந்த பயலுக எங்கிட்ட இருக்கானுக. அவனுகளுக்குப் படம் போடத் தெரியாது. கை தெரியும்" என்றார் அவர். குத்திக்காட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

4.20 பஸ்ஸில் திரும்பினோம். "எங்கிட்ட ஏன் ஜெசி சொல்லல?" என்றேன்.

"நீதான ஊரு பூராம் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்ச."

திண்டுக்கல் மலைக்கோட்டை தெரியும்போது, தப்பு என்னுடையதுதான் என்றேன். "நீ என்னைய ஏமாத்தலண்ணே. ஒன்னைய ஏமாத்துனவுகளுக்கு ஒம் பேருகூடத் தெரியாது" என்றாள். அழுதிருந்தால் தேவலை.

அடுத்த மாதம் எங்கள் மில்லிலேயே நூல் இணைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். எட்டாவதோடு நின்ற பெண்களுக்கு என்ன கூலியோ அதே கூலி. பதினோரு வருடம் அவள் வரவை நானே குறித்தேன். அந்தப் பள்ளியோ மறுவருடம் அதே பிரிவில் இன்னும் அதிகப் பிள்ளைகளைச் சேர்த்தது. சீர்திருத்தம் நன்றாக நடக்கிறது என்று மேலே எழுதிப் போட்டிருப்பார்கள்.

கிளம்புகிறவர்களுக்கு: ஒரிஜினல் சான்றிதழை எங்கும் விட்டுவிட்டு வராதீர்கள். கோடையில் வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு அரை மணி முன்பே போய் நில்லுங்கள். சேர்க்கும் முன் அந்தப் பிரிவில் முந்தைய வருடம் முடித்த மூன்று பேரின் பெயரைப் பள்ளியில் கேட்டு வாங்கி, அவர்கள் வீட்டுக்கே போய் இப்போது என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், படிக்கப்போகிற பிள்ளையைக் கேளுங்கள்.

ஜெசிந்தாவின் மகள் பத்தாவது முடித்தபோது, எந்தப் பிரிவு என்று நானே வலியப் போய்க் கேட்டேன். "நேத்தே சேத்தாச்சுண்ணே" என்றாள் ஜெசிந்தா.